மேட்டில் புதிய குழிகளைக் கண்டேன்: தன்னார்வலராக நான் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

மண்மேடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தொல்லியலை நான் முறையாகப் படித்ததில்லை. ஆர்வம் மட்டுமே உண்டு. வாரத்தில் மூன்று நாட்களாவது நான் நடந்து போகும் பாதையின் ஓரத்தில் ஒரு தாழ்வான மண்மேடு இருக்கிறது. மழை ஓய்ந்த மறுநாள் அதன் சரிவில் பானை ஓடுகள் கழுவி வைத்தாற்போல் வெளியே தெரியும். மேட்டின் பின்புறத்தில் இடுப்பளவு உயரமான கற்கள் வட்டமாக நடப்பட்டிருக்கின்றன. சில சாய்ந்துவிட்டன, இரண்டு விழுந்து கிடக்கின்றன. இது பழங்காலத்து இடம் என்று அறிவிக்கும் பலகையோ வேலியோ அங்கே கிடையாது.

சென்ற வாரம் போனபோது மூன்று குழிகளைப் பார்த்தேன். இரண்டு மேட்டின் சரிவில், ஒன்று கல்வட்டத்தின் நட்டநடுவில். முழங்காலுக்கு மேல் ஆழமாகத் தோண்டி, மண்ணை ஒரு பக்கமாக வாரி இறைத்திருந்தார்கள். அந்த மண்ணில் ஒரு பெரிய பானையின் துண்டுகள் கிடந்தன. அவற்றின் மேற்பரப்பு மங்கிப்போயிருக்க, உடைந்த விளிம்பு மட்டும் வேறு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நெடுங்காலம் மண்ணுக்குள் முழுதாக இருந்த ஒரு பானை சென்ற வாரம்தான் உடைந்திருக்கிறது என்று எண்ணியபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஓடுகளைப் பொறுக்கி வீட்டில் பத்திரமாக வைத்திருக்கலாமா? குழிகளை மூடிவிடலாமா? படங்களைச் சமூக ஊடகத்தில் போட்டால் நாலு பேர் கவனம் திரும்புமா, அல்லது அதுவே இன்னும் பலரைத் தோண்ட அழைத்துவிடுமா? தோண்டுபவர்களை நேரில் கண்டால் என்ன செய்வது? ஒருமுறை புகார் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட எனக்கு மனமில்லை. இந்த இடத்தைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ள விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

காவல்நடை:

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஒரு சிறு குழுவோடு சேர்ந்து நான்கு இடங்களைக் கண்காணித்து வருகிறேன். உங்கள் கேள்விகளில் அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்: ஓடுகளைத் தயவுசெய்து எடுக்காதீர்கள், குழிகளையும் மூடாதீர்கள்.

ஓர் ஓடு தனியாகச் சொல்வது மிகக் குறைவு. அது எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி முழுவதும் இருக்கிறது. கரித்துண்டு ஒன்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தால் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் காலம் கணிக்கலாம். ஆனால் அந்தக் காலம் கரிக்கு உரியது. அதே அடுக்கில் அதன் அருகில் இருந்தது என்று நிறுவ முடிந்தால்தான் பானைக்கும் அந்தக் காலத்தைச் சொல்ல முடியும். மண்வெட்டி அடுக்குகளைக் கலந்துவிட்ட பிறகு பானையும் கரியும் நம் கையில் இருந்தாலும் அவற்றுக்கு இடையிலான உறவு போய்விடுகிறது. சரிவில் சிதறிக் கிடக்கும் ஓடுகளுக்கும் இது பொருந்தும். மேற்பரப்பாய்வு செய்பவர்கள் குறிப்பிட்ட பரப்பில் எத்தனை ஓடுகள் கிடக்கின்றன என்று எண்ணித்தான் பழைய குடியிருப்பு எதுவரை பரவியிருந்தது என்று கணிக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு ஆளுக்கொன்றாக எடுத்துப் போனால், சில ஆண்டுகளில் அது ஓடே இல்லாத வெறும் மேடாகத் தெரியும். ஆய்வாளரும் அதைக் கடந்து போய்விடுவார். தவிர, பல நாடுகளில் இப்படி எடுத்து வைத்திருப்பதே குற்றம்.

குழியைத் திறந்தபடி விடுவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் குழியின் சுவரில் மண்ணடுக்குகள் வெட்டுமுகமாகத் தெரிகின்றன. தொல்லியல் துறையினர் வந்தால் சேதத்திலிருந்தும் ஓரளவு தகவலை மீட்டெடுக்க முடியும். கருவியின் தடம், காலடித் தடம் போன்றவை விசாரணைக்கு உதவும் சான்றுகள். எனவே சற்றுத் தள்ளி நின்றே படம் எடுங்கள். வாரி இறைத்த மண்ணின் மேல் நடக்காதீர்கள்.

குழியைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் கூர்மையாக இருக்கிறதா, உதிர்ந்து மழுங்கியிருக்கிறதா? குவித்த மண் பொலபொலவென்று இருக்கிறதா, மழை பட்டு மேலே ஏடு கட்டியிருக்கிறதா? அந்த மண்ணுக்கு அடியில் அகப்பட்ட புல் இன்னும் பச்சையாக இருக்கிறதா? குழியின் அடியில் சருகு சேர்ந்திருக்கிறதா, வாயில் சிலந்தி வலை கட்டியிருக்கிறதா? கடைசியாக மழை பெய்தது எப்போது என்று உங்களுக்குத் தெரியும். இவற்றை அதோடு சேர்த்துப் பார்த்தால், தோண்டிய நாளை ஒரு வாரத்துக்குள் அடக்கிச் சொல்லிவிடலாம். புகாரில் எழுதும்போது 'அண்மையில்' என்பதற்குப் பதிலாக 'இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்' என்று எழுத முடிந்தால் அதன் எடையே வேறு.

தோண்டுபவர்களை நேரில் கண்டால் அருகில் போகாதீர்கள், குரல் கொடுக்காதீர்கள், அவர்களுக்குத் தெரியும்படி படம் எடுக்காதீர்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து தொல்லிடப் பொறுப்பாளர் என்ற பெயரில் தன்னார்வலர்கள் இயங்கி வருகிறார்கள். பயிற்சி கொடுத்து, ஆளுக்குச் சில இடங்களை ஒப்படைத்து, அந்த இடங்களை வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மீண்டும் மீண்டும் சொல்லப்படுவது, குற்றம் செய்பவரை எதிர்கொள்ளக் கூடாது, கவனித்துக் குறித்துக்கொண்டு உரியவர்களிடம் தெரிவிக்க வேண்டும் என்பதே. தூரத்திலிருந்து நேரம், ஆட்களின் எண்ணிக்கை, வண்டியின் நிறம், முடிந்தால் அதன் எண் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். உங்கள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய பானை எதுவும் இல்லை.

சமூக ஊடகத்தைப் பொறுத்தவரை என் தவறையே சொல்கிறேன். தொடக்க காலத்தில், செதுக்கல்கள் நிறைந்த ஒரு பாறையைப் பார்த்த மகிழ்ச்சியில் படத்தோடு வழியையும் எழுதிப் போட்டேன். பாராட்டுகள் குவிந்தன. ஐந்து மாதம் கழித்துப் போனபோது செதுக்கிய மானின் வயிற்றுக்குக் குறுக்கே நீல வண்ணத்தில் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. என் பதிவைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்கு முன் பல்லாண்டுகளாக அந்தப் பாறைமேல் ஒரு கோடுகூட விழுந்ததில்லை. அன்றிலிருந்து இடத்தின் பெயரைக்கூட நான் வெளியில் எழுதுவதில்லை. கைபேசிப் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிவாகிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். துறைக்கு அனுப்பும் பிரதியில் அது இருக்கட்டும், வேறு யாருக்கு அனுப்பினாலும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் கூட்டாட்சி நிலங்களில் உள்ள இத்தகைய இடங்களின் அமைவிடத் தகவலை வெளியிடுவதற்கே கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

சாய்வொளி:

காவல்நடை ஐயா சொன்னவை அனைத்தும் சரி. நான் ஆவணப்படுத்தும் பணியில் இருப்பதால் அந்தப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

புதிதாக வரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அழகான படங்களை எடுத்து வருகிறார்கள். கண்காணிப்புக்கு வேண்டியது ஒரே மாதிரியான படம். முதல் வருகையிலேயே நான்கைந்து நிற்குமிடங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பிவிடாமல், சாய்ந்த கல்லின் வலது விளிம்பும் பின்னால் தெரியும் குன்றின் முனையும் ஒரே கோட்டில் வரும் இடம் என்பதுபோல் எழுதி வையுங்கள். அடையாளத்துக்காகக் கம்பி அடிப்பது, கல்லில் வண்ணம் வைப்பது போன்றவை கூடவே கூடாது. அடுத்த முறை பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே கோட்டில் நின்று எடுங்கள். ஒரு கல் விரலளவு சாய்ந்ததை நேரில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு மாத இடைவெளியில் ஒரே இடத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்தால் சட்டென்று தெரிந்துவிடும். அண்மைப் படங்களில் அளவுகோல் இருக்க வேண்டும். பாறைக் கலைக்கென்றே 10 சென்டிமீட்டர் நீளத்தில் வண்ணப் பட்டைகளோடு ஒரு பன்னாட்டு அளவுகோல் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் அச்சிட்ட சாதாரண அளவுகோலும் போதும். அதை ஓவியத்தின் மேல் சாய்க்காமல் பக்கத்தில் பிடியுங்கள்.

தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பாறை ஓவியத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவதும், செதுக்கலுக்குள் சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும் எனக்கு ஆறாத வருத்தம் தருபவை. தண்ணீர் பாறைக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. காயும்போது அந்த உப்பு படிகமாகி வண்ணத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கிறது. சுண்ணக்கட்டியை ஒரு காலத்தில் ஆய்வாளர்களே பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. அது மேற்பரப்பைத் தேய்க்கிறது, பின்னால் வரும் ஆய்வுகளைக் கெடுக்கிறது என்று தெரிந்த பிறகு கைவிட்டுவிட்டார்கள். இன்று அதற்குத் தேவையே இல்லை. மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போய் நின்றால், நண்பகலில் வெறும் கல்லாக இருந்த பரப்பில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைக் காணலாம். கைவிளக்கைத் தாழ்வாகப் பிடித்தாலும் அதே பலன். மங்கிய வண்ணங்களுக்கு டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள் இருக்கிறது. கல்லைத் தொடாமலே, படத்தில் உள்ள நிற வேறுபாட்டைப் பெருக்கிக் கண்ணுக்குத் தெரியாத உருவங்களையும் காட்டிவிடும்.

மனிதரின் கை மட்டுமே சேதம் செய்வதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் ஒரே தடத்தில் ஓடி வெட்டிய ஓடை, வளை தோண்டும் விலங்குகள், கற்களுக்கு இடையில் வேர்விடும் மரக்கன்று, மேய்ச்சல் கால்நடை உடம்பைத் தேய்த்துத் தேய்த்துச் சாய்த்த கல் எல்லாமே குறிக்கப்பட வேண்டியவை. ஆனால் கன்றைப் பிடுங்கவோ பாசியைச் சுரண்டவோ வேண்டாம். வேரோடு கூடவே மண்ணடுக்கும் வந்துவிடும். எழுதி அனுப்புங்கள், எப்படி அகற்றுவது என்று தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். ஸ்காட்லாந்தின் கடற்கரையில் அலை அரிக்கும் தொல்லிடங்களை 2012 முதல் 2016 வரை தன்னார்வலர்கள் ஒரு கைபேசிச் செயலியின் துணையோடு நேரில் போய்ப் பார்த்து, பழைய பதிவேட்டைப் புதுப்பித்தார்கள். எந்த இடத்தை முதலில் காப்பாற்ற வேண்டும் என்ற வரிசையே அவர்கள் கொடுத்த குறிப்புகளை வைத்து மாற்றி எழுதப்பட்டது. இங்கிலாந்தின் கரையோரங்களிலும் 2015இல் இதே போன்ற பணி தொடங்கியது.

ஊர்ப்பொது:

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்பு உண்டு. இருந்தாலும், 'யாருக்கும் சொல்லாதே' என்ற அறிவுரையை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஓர் இடத்தைத் தெரிந்தவர் பத்துப் பேர்தான் என்றால், அது அழியும்போது கேட்பதற்கும் அந்தப் பத்துப் பேர்தான் இருப்பார்கள். 2020 மே மாதத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் பயன்படுத்தியதற்குச் சான்றுகள் கிடைத்த பாறைக் குகைகளை இரும்புத்தாதுச் சுரங்க விரிவாக்கத்துக்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள். இருட்டில் வந்த திருடர்கள் செய்த வேலையன்று அது. அப்போதைய சட்டப்படி அனுமதி பெற்றே நடந்தது. அந்த நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான மக்கள் தடுக்க முயன்றும் முடியவில்லை. உலகம் முழுவதும் எழுந்த கண்டனம் குகை போன பிறகுதான் வந்தது. முன்பே வந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. 2011 ஜனவரி இறுதியில் எகிப்தில் கிளர்ச்சி நடந்தபோது கெய்ரோ அருங்காட்சியகத்துக்குள் சிலர் புகுந்து பொருள்களை உடைத்தார்கள். உடனே பொதுமக்கள் வெளியே கைகோத்து நின்று மனிதச் சங்கிலியாக அந்தக் கட்டடத்தைக் காத்தார்கள். தன்னுடையது என்று நினைத்ததால்தான் அவர்கள் நின்றார்கள்.

மண்மேடு அவர்களே, உங்கள் மேட்டைச் சுற்றி வாழ்பவர்களிடம் பேசினீர்களா? ஆடுமாடு மேய்ப்பவர், பக்கத்து நிலத்தில் உழுபவர், மாலையில் அங்கே விளையாடும் பிள்ளைகள் ஆகியோர் உங்களைவிட அதிக நேரம் அங்கே இருக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு அவர்கள் காதில் விழுந்திருக்கலாம். பெரும்பாலும் அங்கே இருப்பவை எலும்பும் பானையும் துருப்பிடித்த இரும்பும்தான், விற்றால் ஒன்றும் கிடைக்காது, படித்தால் நிறையக் கிடைக்கும் என்று நிதானமாக எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த நிலம் யாருடையதோ அவரிடம் அனுமதி கேட்பதும் முதல் நாளே செய்ய வேண்டிய காரியம்.

காவல்நடை:

ஊர்ப்பொது சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். உள்ளூர் மக்களிடம் பேசுவதை நான் குறிப்பிடாமல் விட்டது என் குறைதான். எங்கள் நான்கு இடங்களில் ஒன்றை உண்மையில் காப்பாற்றி வருபவர் அருகே ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். புது ஆள் யார் வந்தாலும் அன்று மாலையே எங்களுக்குத் தகவல் வந்துவிடும். ஆனால் அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதும், முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு வழி காட்டுவதும் ஒன்றல்ல. கேட்பார் இருக்கும் இடத்தில் செய்தி பரவலாம். ஆளில்லாத மேட்டுக்கு அது ஆபத்து. சாரா பர்காக் என்ற தொல்லியலாளர் 2017இல் தொடங்கிய குளோபல் எக்ஸ்ப்ளோரர் இணையத் திட்டத்தில் இதற்கு ஒரு நடுவழி இருந்தது. பெரு நாட்டின் செயற்கைக்கோள் படங்களைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பொதுமக்களிடம் கொடுத்து, தோண்டிய குழிகள் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொன்னார்கள். ஆனால் அந்தத் துண்டு நாட்டில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டவில்லை. வேலையில் எல்லோரும் பங்கெடுக்கலாம், இடம் மட்டும் வெளியே போகாது.

ஜூக்கன் எடுத்துக்காட்டு உணர்த்தும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டம் காப்பாற்றக்கூடிய நிலையில் உங்கள் மேடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த இடத்துக்கும் அறிவிக்காத இடத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிட்ட சின்னத்தில் அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டு தேடுவதே குற்றம். இந்தியாவில் தேசிய முக்கியத்துவம் உடையதாக அறிவித்த சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை இருக்கிறது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுவதற்கு அனுமதி பெற வேண்டும். பட்டியலில் இல்லாத மேட்டுக்கு இவை எதுவும் துணைக்கு வராது. ஆகவே குழிகளைப் பற்றிய புகாரோடு, இந்த இடத்தை ஆய்வு செய்து பதிவு செய்யுங்கள் என்ற வேண்டுகோளையும் தனிக் கடிதமாகக் கொடுங்கள். ஒரே கடிதத்தில் எழுதினால் புகார் முடிந்தவுடன் கோப்பையும் மூடிவிடுவார்கள். எங்களுடைய முதல் கடிதத்துக்கு ஒன்றரை ஆண்டு பதில் வரவில்லை. நான்காவது கடிதத்தோடு பதினான்கு மாதப் படங்களை வரிசையாக இணைத்த பிறகுதான் ஓர் அலுவலர் நேரில் வந்தார்.

மண்மேடு:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் காலை மறுபடியும் போனேன். ஓடுகளைத் தொடவில்லை. குழிகளின் விளிம்பு இன்னும் கூர்மையாகவே இருக்கிறது; குவித்த மண்ணுக்கு அடியில் புல் வாடியிருந்தாலும் பச்சை போகவில்லை. கடைசி மழை பன்னிரண்டு நாட்களுக்கு முன் பெய்தது. மண்ணில் ஏடு கட்டவில்லை. ஆக, அதற்குப் பிறகுதான் தோண்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். ஐந்து நிற்குமிடங்களைக் குறித்துக்கொண்டேன். நிலத்துக்கு உரியவரையும் சந்தித்தேன். குழிகள் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. என்னோடு வந்து பார்த்தவர் வெகுநேரம் எதுவும் பேசாமல் நின்றார். இனி வாரம் ஒருமுறை தானும் அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு கடிதங்களும் தயாராக இருக்கின்றன.

ஒரே ஒரு சந்தேகம். அடுத்த மாதம் போகும்போது புதிதாக எதுவும் நடந்திருக்காவிட்டால் என்ன அனுப்புவது? ஒன்றுமில்லாததற்கு ஒரு கடிதம் எழுதினால் தொந்தரவாக நினைப்பார்களோ?

சாய்வொளி:

ஒவ்வொரு முறையும் தனிக் கடிதம் வேண்டாம். ஆனால் குறிப்பேட்டில் கட்டாயம் எழுதுங்கள். நாள், நேரம், வானிலை, எந்தெந்த இடத்தில் நின்றீர்கள், 'மாற்றம் இல்லை' என்ற இரண்டு சொற்கள், அதே ஐந்து படங்கள் ஆகியவை இருந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை ஒன்றாகத் தொகுத்து அனுப்பலாம். பின்னால் ஒரு நாள் நான்காவது குழி விழுந்தால், அது எந்த இரண்டு வருகைகளுக்கு நடுவில் விழுந்தது என்று காட்டுவதற்கு அந்தப் பக்கங்களே ஆதாரமாகும். குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள். மழையில் நனைந்தாலும் எழுத்து கரையாது.